ஹார்மோனிக்: தமிழில் சீரிசை

ஆண்டு முழுவதும் ஏறி இறங்கும் வெப்பநிலையைச் சைன், கொசைன் அலைகளின் கூட்டாக எழுதும்போது ஒவ்வோர் அலையும் ஒரு ஹார்மோனிக். கிரேக்கத்தில் ‘ஹர்மோஸ்’ என்றால் மூட்டு, ‘ஹர்மோனியா’ என்றால் பொருத்தம். இசை வழியாகக் கணிதத்துக்கு வந்த சொல் இது. அலைகளைக் கூட்டும் முறையை ஜோசப் ஃபூரியே 1822இல் நூலாக விரித்ததும் வெப்பம் பரவுவதை ஆராயத்தான்.

ஊசல்போல முன்னும் பின்னும் சீராக ஆடும் இயக்கத்துக்குத் (simple harmonic motion) தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘தனிச்சீரிசை இயக்கம்’ என்ற பெயர் உண்டு. இலங்கையில் ‘எளிமை இசை இயக்கம்’ என்பார்கள். ‘சீரிசை’யே பொருத்தம். இசைதல் என்றாலே பொருந்துதல். யாப்பிலும் அசைகள் பொருந்தி அமைவதே சீர். கிரேக்க வேரின் பொருள் அப்படியே தமிழில் இருக்கிறது. ‘ஒத்திசைவு’ வேண்டாம், ஒத்ததிர்வோடு (resonance) குழம்பும்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். தினசரி அதிகபட்ச வெப்பநிலைக்கும் குறைந்தபட்ச வெப்பநிலைக்கும் தனித்தனியாக இந்த வளைவைப் பொருத்த வேண்டும்.

வெப்பநிலை = சராசரி + அ × கொசைன்(கோணம்) + ஆ × சைன்(கோணம்)

அ, ஆ இரண்டும் பதிவான வெப்பநிலைகளிலிருந்து கண்டறியும் எண்கள். கோணம் = 2 × பை × நாள் எண் (ஜனவரி 1 முதல்) ÷ 365.25. வெறும் 365 போட்டால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் நழுவும். அ, ஆ இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வீச்சு, அதாவது சராசரிக்கு மேல் அலை எட்டும் உயரம். உச்ச நாளைக் காணும்போது பலரும் சறுக்குகிறார்கள்: சென்னையில் அ எதிர்மறை எண். குறியைப் பார்க்காமல் ஆ ÷ அ மதிப்புக்கு நேர்மாறு டேஞ்சன்ட் எடுத்தால், உச்ச வெயில் டிசம்பரில் விழும்!

ஆண்டுச் சீரிசை மட்டும் போதாது. அது சமச்சீரானது; உச்சத்தை ஜூன் பிற்பாதிக்குத் தள்ளிவிடும். உண்மையில் வெயில் மே இறுதியையொட்டி உச்சம் தொட்டு, தென்மேற்குப் பருவத்தின் மேகத்திலும் மாலை மழையிலும் மெல்லத் தணிந்து, அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவத்தில் சட்டென இறங்குகிறது. சூரியன் ஏப்ரல் இறுதியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவை ஒட்டி மறுமுறை தலைக்கு நேர் மேலே வருவதும் உண்டு. ஆகவே கோணத்தை இரட்டித்து அரையாண்டுச் சீரிசையையும் சேர்க்க வேண்டும்.

அதற்கு மேலும் அலைகளை அடுக்கினால் இரைச்சலுக்குத்தான், அதாவது தற்செயல் ஏற்ற இறக்கங்களுக்குத்தான், வளைவு பொருந்தும். மே மாதத்தில் மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதித்தால் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டும். கடற்காற்று முற்பகலிலேயே வந்துவிட்டால் அதற்குச் சில பாகை கீழேயே நிற்கும். எந்தச் சீரிசையும் இதைச் சொல்லாது. அது எச்சத்தில், அதாவது உண்மை வெப்பநிலைக்கும் வளைவுக்கும் உள்ள வேறுபாட்டில், கிடக்கும். நேற்றைய எச்சம் இன்றைக்கும் ஓரளவு தொடரும் என்பதால், அதற்குத் தனியாக ஒரு தன்தொடர்பு உறுப்பு, அதாவது நேற்றைய எச்சத்தின் ஒரு பங்கை இன்றைக்குச் சேர்க்கும் உறுப்பு, வைக்க வேண்டும்.