குறைமாதக் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வர வேண்டும் என்பதில்லை

"காய்ச்சலே இல்லையே டாக்டர், அப்புறம் எதுக்கு ரத்தம் எடுக்கிறீங்க?" குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் உடம்பு கொதிக்கும். 32 வாரத்துக்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தையிடம் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. பல நேரம் உடம்பு சில்லிட்டுத்தான் போகும்.

நேற்றுவரை குழாய் வழியே கொடுத்த பாலைச் செரித்த குழந்தைக்கு இன்று வயிறு லேசாக உப்பியிருக்கும். தோல் வெளிறி, திட்டுத்திட்டாகத் தெரியும். மூச்சு 20 விநாடி நின்றுபோகும். கூடவே மானிட்டரில் இதயத் துடிப்பு சரியும். பாதத்தைத் தொட்டால் வழக்கம்போல் காலை இழுத்துக்கொள்ளாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன மாற்றங்கள்தான். ஆனால் "இன்னைக்கு ஏதோ ஒரு மாதிரி இருக்கான்" என்று அம்மா சொன்னால், நான் உடனே போய்க் குழந்தையைப் பார்ப்பேன். நாள் முழுக்க அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதங்கள் பெருமளவில் வந்து சேருவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்தப் பங்கு முழுதாகக் கிடைப்பதில்லை. தோல் மெலிசு, குடலின் உட்சுவரும் முதிரவில்லை. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களின் கையிருப்பும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எதிர்ப்பு சக்தி குறைவு என்று மட்டும் நினைத்துக்கொண்டால் பாதி விஷயம்தான் புரியும். கிருமியை அழிக்கத் தடுமாறும் அதே உடம்பு, அழற்சியை, அதாவது கிருமியை எதிர்க்கும்போது திசுக்களில் உண்டாகும் வீக்கத்தையும் புண்ணையும், கிளப்பிவிட்டால் அதை அடக்கவும் தடுமாறுகிறது. பற்றிய நெருப்பை அணைக்க ஆளில்லாத வீடு மாதிரி. பனிக்குடத்தில் தொற்று இருந்தால் கருப்பையிலேயே இது தொடங்கிவிடலாம். அப்புறம் வென்டிலேட்டரின் அழுத்தமும் அதிக ஆக்சிஜனும் நுரையீரலில் அழற்சியைக் கூட்டுகின்றன. மூளையின் வெண்பகுதியும் பாதிக்கப்படலாம். குடலில் அழற்சி முற்றித் திசு அழுகிப்போவதுதான் நாங்கள் மிகவும் அஞ்சுவது. மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைகளிடம் இது பெரும்பாலும் பிறந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, 'இனிப் பயமில்லை' என்று எல்லோரும் மூச்சு விடும் சமயத்தில் வரும்.

அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் உடனே கைகொடுக்காது. தொற்று தொடங்கிச் சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் அளவு ஏறும். அதனால்தான் முதல் முடிவு நார்மல் என்றாலும் மறுபடி எடுக்கிறோம். கஷ்டமான பிரசவத்துக்குப் பிறகு தொற்றே இல்லாமலும் அது ஏறலாம் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரில் 36 முதல் 48 மணி நேரம்வரை கிருமி வளரவில்லை, குழந்தையும் தெளிவாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் நிறுத்திவிட வேண்டும். "பாதுகாப்புக்கு இன்னும் ரெண்டு நாள் போடுங்களேன்" என்று கேட்பார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் தேவையில்லாமல் நீட்டினால் குடலின் நல்ல கிருமிகள் அழியும், பூஞ்சைத் தொற்றுக்கு வழி பிறக்கும்.

தாய்ப்பாலுக்கு இணையாக இன்னொன்று இங்கே இல்லை. சீம்பால் சில துளிதான் வருகிறதென்று வருத்தப்படாதீர்கள். அதையும் கன்னத்தின் உட்புறம் தடவுகிறோம். குடலைக் காக்கும் புரதங்கள் அதில் செறிவாக இருக்கின்றன. அடுத்தது கங்காரு பராமரிப்பு. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்தபோது முதல் 28 நாள் மரணங்கள் 25 சதவீதம் குறைந்ததாக, உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஆய்வு 2021இல் காட்டியது. ஒவ்வொரு முறையும் குழந்தையைத் தொடும் முன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு.

தடுப்பூசியைக் குறைமாதம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிறந்த தேதியைக் கணக்கிட்டுத்தான் போட வேண்டும், எதிர்பார்த்த பிரசவத் தேதியை வைத்து அல்ல. எடை மிகக் குறைவாக இருந்தால் ஓரிரு ஊசிகள் தள்ளிப்போகலாம். எது, எப்போது என்பதை டிஸ்சார்ஜ் அன்றே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.