"எப்போ சத்தம் வருது, சார்?": பழைய இன்னோவா வைத்திருப்பவர்களுக்கு ஒரு மெக்கானிக் சொல்வது

போன மாதம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் 2009 இன்னோவாவைப் பட்டறைக்கு ஓட்டிவந்தார். மீட்டரில் 3,40,000 கிலோமீட்டர். கையில் வேறொரு ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்ற வேண்டும், முடிந்தால் பம்பையும் பார்த்துவிடலாம் என்று அதில் இருந்தது. தொகையைப் பார்த்து மலைத்துப்போய், வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"என்ன பண்ணுது சார்?"

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுப்பா. ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கு."

"எப்போ?"

"எப்போன்னா... எப்பவும்தான்."

எப்பவும் என்று சொல்கிறவர்களை நான் விடுவதில்லை. வழியில் டீ குடிக்க நிறுத்தினால்? உடனே எடுக்கிறதாம். மதியம் பேங்குக்குப் போய்விட்டு வந்து? அதுவும் எடுக்கிறது. காலையில் மட்டும்தான் மக்கர். இரண்டு நாள் நின்றிருந்தால் இன்னும் மோசம். வண்டியை இரவு பட்டறையிலேயே விட்டுப் போகச் சொன்னேன்.

மறுநாள் காலை சாவியைத் தொடாமல் பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பை அமுக்கிப் பார்த்தேன். நல்ல வண்டியில் இரண்டு மூன்று அமுக்கிலேயே கல் மாதிரி இறுகிவிடும். இது பத்துப் பன்னிரண்டு அமுக்கு வரை பஞ்சு போல உள்ளே போனது. இறுகிய பிறகு சாவியைத் திருப்பினால் அரை சுற்றில் எடுத்தது. அதாவது இரவெல்லாம் லைனில் எங்கோ காற்றுப் புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. ஃபில்டரைக் கழற்றினேன். கடைசியாக மாற்றியவர் பழைய ஓ-ரிங்கையே முறுக்கி உட்கார வைத்திருந்தார். பக்கத்து ஓஸில் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்து கிடந்தது. ஒரு ஓ-ரிங், இரண்டு கிளிப். ஒரு குடும்பம் ஓட்டலில் டிபன் சாப்பிடும் காசில் வேலை முடிந்தது.

அந்த ஒர்க்‌ஷாப்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஸ்கேனரைச் செருகினால் டீசல் பிரஷர் குறைவு என்று காட்டியிருக்கும். ஏன் குறைவு என்று ஸ்கேனர் சொல்லாது. 'காலையில் மட்டும்' என்ற இரண்டு வார்த்தை அவர் காதுக்குப் போயிருந்தால் அவரும் அந்தக் கை பம்பைத்தான் முதலில் தொட்டிருப்பார். அதைச் சொல்ல வேண்டியவர் வண்டிக்காரர். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

டொயோட்டா குவாலிஸுக்குப் பதிலாக 2005-ல் வந்து, 2016-ல் அடுத்த தலைமுறையான கிரிஸ்டா வரும்வரை விற்ற அந்த முதல் தலைமுறை டீசல் இன்னோவாதான் சேலம் பக்கம் இன்றும் பல வீட்டுக்குக் குடும்ப வண்டி. 2494 சிசி இன்ஜின், பின்சக்கர ஓட்டம், லாரி போலத் தனிச் சேஸிஸ். மூன்று லட்சம் கிலோமீட்டர் அதற்குப் பெரிய வயசில்லை. நான் பார்த்தவரை அது கிழமாகிச் சாவதில்லை. சூட்டாலும் ஆயிலாலும்தான் சாகிறது.

சூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்று வந்தால் அங்கேயும் என் கேள்வி அதேதான். டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேனைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியின் ஃபேன் நடுவில் சிலிக்கோன் எண்ணெய் நிறைந்த ஒரு கப்ளிங் உண்டு. சூடு ஏற ஏற அது இறுகி ஃபேனை வேகமாகச் சுழற்றும். எண்ணெய் கசிந்துவிட்டால் ஃபேன் சும்மா பேருக்குச் சுற்றும். அப்படியில்லாமல், நெடுஞ்சாலையில் நூறில் போகும்போதோ ஏற்காடு ஏறும்போதோ மட்டும் முள் ஏறினால் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு. காலையில் குளிர்ந்த இன்ஜினை எடுத்த ஓரிரு நிமிஷத்திலேயே மேல் ஓஸ் விறைத்துக்கொண்டால், ரிசர்வ் டப்பாவில் குமிழி வந்தால், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். மூன்றும் மூன்று வேலை. மூன்றுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும்.

ரேடியேட்டர் ஏன் அடைக்கிறது? நம் ஊர் போர்வெல் தண்ணீர். வீட்டு ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. கூலன்ட் குறைந்தால் 'இப்போதைக்கு' என்று ஊற்றுவார்கள். அந்த இப்போதைக்கு இரண்டு வருஷம் ஓடும். கூலன்ட் கிடைக்கவில்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுங்கள், அடுத்த வாரமே முழுதாக மாற்றிவிடுங்கள்.

இன்னொரு கெட்ட பழக்கம் எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. சூடேறுகிறது என்றதும், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. "இது நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்ல" என்று ஒரு வசனம் வேறு. தேவைதான். அது இல்லாமல் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கே வராது, டீசல் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டே பைபாஸ் வழியையும் மூடும் கதவு. அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்தது சூட்டைக் கூட்டும்.

வழியில் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓரம் கட்டுங்கள். வியர்த்து ஊற்றும், பரவாயில்லை, அந்தச் சூடு இன்ஜினிலிருந்துதான் வருகிறது. ஆவி கிளம்பினால் உடனே அணைத்துவிடுங்கள். மூடியை மட்டும் தொடாதீர்கள். தொப்பூர் கணவாயில் அவசரப்பட்டு மூடியைத் திருகியவர் ஒருவர் முழங்கை வரை தோல் உரிந்து வந்து நின்றார், வண்டி பின்னால் டோ ஆகி வந்தது. முக்கால் மணி நேரமாவது போகட்டும்.

அடுத்து ஆயில். இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் சின்னச் செம்பு வாஷர் ஒன்று உண்டு. வயசானால் அதன் ஓரமாக எரிந்த புகை கசிந்து இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவருக்குள் போகும். புகையின் கரி ஆயிலில் கலந்து தார் போலக் கெட்டியாகி, கீழே ஆயில் தேங்கும் சேம்பரில் அதை உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். சல்லடை அடைத்தால் ஆயில் மேலே ஏறாது. ஆயில் இல்லாமல் ஓடிய இன்ஜினைப் பற்றி நான் என்ன சொல்ல. வாஷரின் விலை டீக்கடைக் கணக்கு, இன்ஜினின் விலை நகைக்கடைக் கணக்கு.

இதற்கும் 'எப்போ' தான் சாட்சி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'சுக் சுக்' என்று ரயில் மாதிரி ஒரு சத்தம், இன்ஜின் சூடானதும் குறைந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் சுரண்டி எடுக்கிற மாதிரி கருப்புப் பிசுக்கு. ஸ்டார்ட் ஆனதும் சட்டென்று அணைய வேண்டிய சிவப்பு ஆயில் விளக்கு இரண்டு மூன்று விநாடி தயங்கும். அந்தத் தயக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் 'அடுத்த பங்க் வரை' என்ற பேச்சே கூடாது, அங்கேயே நிறுத்த வேண்டும். மஞ்சள் விளக்கு என்றால் வீடு வரை மெதுவாகப் போகலாம். சிவப்பு என்றால் முடியாது.

பழைய இன்ஜினுக்கு 7,500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றுங்கள் என்பது என் சொந்தக் கணக்கு. வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் அப்படித்தான், ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்றிவிடச் சொல்வேன். பெல்ட்டுக்கு மட்டும் 'எப்போ' என்ற கேள்வி உதவாது. அது பெரும்பாலும் சத்தம் போடாது, ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், முந்தைய ஓனர் 'மாத்தியாச்சு' என்று வாயால் சொன்னதை நம்பாதீர்கள். பில் இருந்தால் சரி, இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரைப் பின்னோக்கி ஓட்டுவது இப்போது கஷ்டமான வேலையே இல்லை.

பிரேக்குக்கு வருகிறேன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. குடும்பத்தோடு ஏழு பேர், மேலே கேரியரில் பலாப்பழ மூட்டை. இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் பாதி வழியில் பெடல் ஸ்பாஞ்சு மாதிரி ஆகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் சூட்டில் ஆவியாகி லைனில் குமிழி கட்டும். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறோம். எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள் என்று என் குரு சொல்வார், அதைவிட நல்ல பாடம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மலையில் அல்லாமல் சமவெளியிலேயே பெடல் கட்டை மாதிரி இறுகியிருந்தால் அது வேறு. பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்பையும் அதன் ஓஸையும் பார்க்க வேண்டும்.  சிக்னலில் மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்லக் கீழே இறங்கினால், பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு. அந்த வண்டியை நான் சாவி கொடுத்து வெளியே அனுப்ப மாட்டேன்.

அடியில் வரும் சத்தங்களுக்குச் சுருக்கமாக: மேடு பள்ளத்தில் மட்டும் 'டொக்' என்றால் முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது அடியில் 'டங்' என்றால் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் இணைப்பான புரொப்பெல்லர் கிராஸ். அறுபதுக்கு மேல் 'ஊ...' என்று முனகி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் சாய்த்தால் முனகல் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்.

டயரில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடுகள், இருக்கிறதா என்று எல்லாரும் பார்க்கிறார்கள், வயசைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2317 என்றால் 2017-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வாரம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் போகும் வண்டியில் பட்டன் புதுசு போல இருக்கும், ரப்பர் வெயிலில் நின்றே செத்திருக்கும். ஸ்டெப்னியைப் படுத்துப் பாருங்கள். பின்னால் அடியில் சங்கிலியில் தொங்குகிறது, சேறும் தண்ணீரும் பட்டுச் சங்கிலி இறுகிப்போய், நடு ரோட்டில் இறக்க முடியாமல் போன் செய்தவர்கள் எத்தனையோ பேர்.

"பத்து வருஷம் ஆன டீசல் வண்டியை ஓட்டக் கூடாதாமே?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். அந்தப் பேச்சு டெல்லி சுற்றுவட்டாரத்தில் கிளம்பியது. இங்கே சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்ததும் ஆர்டிஓ ஆபீசில் காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து ஐந்து வருஷமாக. 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ஆனது. புரோக்கர் சொல்லும் தொகையை நம்பாமல், போகும் முன் அன்றைய கட்டணத்தைப் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

எப்போது கைவிடுவது என்றும் கேட்பார்கள். இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ பயந்து நான் யாரையும் விற்கச் சொன்னதில்லை, சேஸிஸ் துருப்பிடித்தால் மட்டும் சொல்வேன். நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்கரையில் பல வருஷம் நின்ற வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் சேஸிஸைத் தட்டிப் பார்ப்பேன். 'டிங்' என்றால் சரி. 'பொத்' என்று உள்ளே போனால், மேலே எவ்வளவு பளபளப்பாக பாலிஷ் போட்டிருந்தாலும் குடும்பத்தை அதில் ஏற்றாதீர்கள்.

தலைமையாசிரியர் போன வாரம் மறுபடி வந்தார். இப்போது டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். தேதி, நேரம், வேகம், கியர், ஏசி போட்டதா இல்லையா, எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருக்கிறது. புதுசாக ஒரு சத்தமாம்.

"எப்போ சார்?"

நோட்டைப் புரட்டினார். "சம்பந்தி வீட்டார் ஏறினா மட்டும்பா."

எங்கள் பையன்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை, அதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. கடைசி சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து அடியில் படுத்துப் பார்த்தேன். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஒன்று அறுந்திருந்தது, பின்னால் பாரம் ஏறியதும் பைப் போய் ஆக்சிலில் உட்கார்ந்தது.