கௌதாரி, காடை வேட்டைக்கு உரிமம் உண்டா?

ஐப்பசி மழை ஓய்ந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில் கேழ்வரகும் கொள்ளும் அறுவடைக்கு நெருங்கும் நாள்களில், என்னிடம் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் ஒரே கேள்வியைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. சென்ற முறை கேட்டவர் பாலக்கோடு பக்கத்து இளைஞர். "அண்ணா, வனத்துறையில பணம் கட்டி லைசென்ஸ் எடுத்துக்கிட்டா, சீசன்ல கவுதாரி சுடலாமாமே, உண்மையா?" என்றார். உண்மை இல்லை. உணவுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பறவைகளை வேட்டையாட இந்தியாவின் எந்த மாநிலத்திலும், எந்தப் பருவத்திலும், எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் உரிமம் கிடையாது. அப்படி ஒன்றை வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் அவர் ஏமாற்றுகிறார் என்றே கொள்ள வேண்டும்.

ஆனாலும் இந்தக் கேள்வி காற்றிலிருந்து வந்ததன்று. ஒரு காலத்தில் வேட்டைக்கு உரிமம் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1912ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட காட்டுப் பறவைகள் மற்றும் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பட்டியலிலுள்ள பறவைகளை ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் பிடிக்கவோ கொல்லவோ கூடாது என்று தடுக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு வழங்கியது. அந்தத் தடைக்காலம் முடிந்ததும் வேட்டை தொடங்கும். பின்னர் வந்த 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் வேட்டையை முழுவதுமாக மூடிவிடவில்லை. சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை, பொறி வைத்துப் பிடித்தல் என நான்கு வகை உரிமங்கள் அதில் இருந்தன. சிறு பறவைகளும் முயலும் சிறுவேட்டை உரிமத்தின்கீழ் வந்தன. உரிமம் பெற்றவர் தாம் கொன்றவற்றுக்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. அறுபது வயதைக் கடந்தவர்கள் "அந்தக் காலத்தில் லைசென்ஸ் கொடுத்தார்கள்" என்று சொல்வது இதைத்தான்.

இந்த முறைக்கு 1991 அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் முற்றுப்புள்ளி வைத்தது. வேட்டை உரிமம் தொடர்பான பிரிவுகள் நீக்கப்பட்டன. சட்டத்தின் முதல் நான்கு அட்டவணைகளில், அதாவது உயிரினப் பட்டியல்களில், உள்ள எந்தக் காட்டு விலங்கையும் பறவையையும் யாரும் வேட்டையாடக் கூடாது என்று 9ஆவது பிரிவு திருத்தி எழுதப்பட்டது. பிறகு 2022ஆம் ஆண்டில் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், ஆறாக இருந்த அட்டவணைகளை நான்காகச் சுருக்கியது. இப்போது விலங்குகளும் பறவைகளும் முதல் இரண்டு அட்டவணைகளில் அடங்குகின்றன. மயில் முதல் அட்டவணையில் உள்ளது. நம் வயல்களிலும் ஏரிகளிலும் அன்றாடம் காணும் சாதாரணப் பறவைகளில் பெரும்பாலானவை இரண்டாம் அட்டவணையைச் சேர்ந்தவை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் கைப்பேசியில் வரும் வெளிநாட்டுக் காணொளிகள். அமெரிக்காவில் பதினாறு வயது நிரம்பியவர் காட்டு வாத்து சுட வேண்டுமானால் மாநில வேட்டை உரிமத்துடன், 1934 முதல் வழக்கத்தில் உள்ள, அஞ்சல்தலை போன்ற வாத்து முத்திரை ஒன்றையும் 25 டாலர் கொடுத்து வாங்குகிறார். எந்தத் தேதியில் தொடங்கலாம், ஒரு நாளில் எத்தனை பறவைகள் சுடலாம் என்பதற்கும் அங்கே வரம்பு உண்டு. பிரிட்டனில் குரௌஸ் என்னும் பறவையைச் சுடும் பருவம் ஆகஸ்ட் 12ஆம் நாள் தொடங்கி டிசம்பர் 10 வரை நீடிக்கிறது. அவையெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, பருவம் பார்த்துச் சுட்டால் தவறில்லை என்று கேலவரப்பள்ளி அணைக்கு வலசை வரும் வாத்துகள்மீது கை வைத்தால், அணைக்கரையிலேயே வழக்கு காத்திருக்கும்.

சட்டம் 'வேட்டை' என்று எதைச் சொல்கிறது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் பெரிதும் தடுக்கி விழுகிறார்கள். துப்பாக்கியால் சுடுவது மட்டுமே வேட்டை என்று அவர்கள் நினைக்கிறார்கள். சட்டத்தின் 2ஆவது பிரிவில் உள்ள விளக்கம் மிக அகலமானது. கொல்வது, நஞ்சு வைப்பது, பிடிப்பது, துரத்துவது, கண்ணி அல்லது வலை வைப்பது, இரை காட்டி இழுப்பது ஆகிய எல்லாமே வேட்டைதான். இவற்றில் எதைச் செய்ய முயன்றாலும், ஒரு பறவைகூடச் சிக்காவிட்டாலும், அந்த முயற்சியும் வேட்டையே. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டு, அதன் குரலுக்கு வரும் காட்டுக் கௌதாரியைச் சுற்றிலும் நட்ட கண்ணியில் சிக்க வைப்பதும், இரவில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கண் கூசி நிற்கும் பறவையை வலையால் மூடுவதும், சிறுவர்கள் உண்டிவில்லால் புறாவை அடிப்பதும் இந்த விளக்கத்துக்குள் வந்துவிடுகின்றன. குறைந்த திறனுள்ள ஏர் கன் வாங்க ஆயுத உரிமம் தேவையில்லை என்பது சரி. அந்த ஏர் கன்னால் ஒரு கொக்கைச் சுட்டால் அது வேட்டைக் குற்றம் என்பதும் சரி.

முட்டையும் கூடும்கூட இதே விளக்கத்தில் அடங்கும். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை என்றே சட்டம் கூறுகிறது. எங்கள் பக்கத்துக் காட்டில் நிலக்கடலைக் கொடி பிடுங்கியபோது, வரப்போரப் புதரடியில் வெளிறிய நிறத்தில் நான்கு மயில் முட்டைகள் கிடந்தன. காட்டுக்காரர் அவற்றைத் துண்டில் பொதிந்து எடுத்துவந்து, வீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியின் அடியில் வைத்துவிட்டார். அவர் மனத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. தாய் திரும்பி வராது, நாய் தின்றுவிடும் என்ற பரிவுதான் இருந்தது. ஆனாலும் மயில் முதல் அட்டவணைப் பறவை என்பதால், பரிவோடு செய்த அந்தச் செயலும் சட்டத்தின் கண்ணில் கடுமையான குற்றமாகிவிடும். கூட்டைச் சுற்றி இரண்டு முழம் விட்டுவிட்டு மற்ற இடத்தில் வேலையை முடித்துக்கொள்வதே சரியான வழி. மயில் தானாக உதிர்க்கும் தோகை இறகுக்கு மட்டும், நாட்டுக்குள் வைத்திருக்கவும் விற்கவும் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது.

தண்டனைக்கு வருவோம். இரண்டாம் அட்டவணைப் பறவையை வேட்டையாடினால் மூன்று ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முதல் அட்டவணை உயிரினம் என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ, குறைந்தது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பயன்படுத்திய வலை, ஆயுதம், ஏறி வந்த இருசக்கர வாகனம் ஆகியவை பறிமுதல் செய்யப்படும். "கௌதாரி பிடித்த மூவருக்கு அபராதம்" என்று நாளிதழில் படிப்பது பெரும்பாலும் நீதிமன்ற அபராதம் அன்று. சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற வன அலுவலர் குற்றத்தை இணக்கமாக முடித்துக்கொள்ள வாங்கும் தொகை அது. முன்பு இத்தொகைக்கு உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது. இப்போது அது 5 லட்சம். குறைந்தபட்சச் சிறைத்தண்டனை உள்ள குற்றங்களை, அதாவது மயில் வழக்கையோ சரணாலய வழக்கையோ, இப்படி முடித்துக்கொள்ள வழியே இல்லை. "பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்று நம்பிப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பதில்லை.

சரணாலயம் என்ற சொல் இவ்விரு மாவட்டங்களில் எவ்வளவு பரப்பைக் குறிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர். பத்து ஆண்டுகளுக்கு முன் வெறும் காப்புக்காடாக இருந்த இடம் இன்று சரணாலயமாக இருக்கலாம். முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம், சுட வேண்டும் என்பதுகூட இல்லை. சரணாலய எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்து துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள், தங்கள் பெயரை வனத்துறையிலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்க முதன்மை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை.

துப்பாக்கி உரிமத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் மூலம் பெற்ற உரிமம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தரப்படுவது. துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க மட்டுமே அது அனுமதிக்கிறது, எந்தப் பறவையையும் சுட அனுமதிப்பதில்லை. உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் வன உயிரின வழக்குடன் ஆயுதச் சட்ட வழக்கும் சேர்ந்துகொள்ளும். தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்பவர்கள், அதைத் தாமாக முன்வந்து ஒப்படைப்பது நல்லது.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமத்தார் சில நேரம் வன உரிமைச் சட்டத்தைச் சுட்டுகிறார்கள். 2006ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நிலம், மேய்ச்சல், சிறு வனப்பொருள் ஆகியவற்றுக்கான உரிமைகளை ஏற்கிறது. மரபு உரிமைகளை ஏற்கும் பிரிவிலேயே, வேட்டையாடும், பொறி வைக்கும் மரபு உரிமை அதில் சேராது என்று வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. கோயில் திருவிழா வேட்டைக்கும், காணும் பொங்கல் முயல் வேட்டைக்கும் சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை.

அப்படியானால் பயிரைத் தின்னும் விலங்குக்கு என்ன வழி? சட்டத்தின் 11ஆவது பிரிவு, மனித உயிருக்கோ, விளைந்து நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்ட இரண்டாம் அட்டவணை விலங்கை வேட்டையாட, காரணம் எழுதி, உரிய அலுவலர் ஆணையிட இடம் தருகிறது. முதல் அட்டவணை விலங்குக்குப் பயிர்ச் சேதம் காரணமாகாது. மனித உயிருக்கு ஆபத்து அல்லது மீள முடியாத நோய், ஊனம் இருந்தால் மட்டுமே முதன்மை வன உயிரினக் காப்பாளர் ஆணையிடலாம். ஆகவே நிலக்கடலையைக் கொத்தும் மயிலைக் கொல்ல யாரும் அனுமதி பெற முடியாது. தானியத்தில் பூச்சிமருந்து கலந்து வைப்பவர் மூன்று ஆண்டுச் சிறையைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார். காட்டுப்பன்றிக்குத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு நடைமுறையை அறிவித்தது. அதன்படி காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். அங்கும் சுடுபவர்கள் வனத்துறையினர்தான், விவசாயி அல்லர். பறவைகளுக்கு இந்த நடைமுறை பொருந்தாது. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வதே விவசாயி செய்யக்கூடியது. இது போதுமான ஆறுதல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டப்படி உள்ள வழி இதுதான்.

நெடுஞ்சாலை ஓர உணவகங்களில் 'காடை வறுவல்' என்று பலகை வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். அது பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உருவாக்கிய 'நாமக்கல் காடை' இனமும் அந்த வகையைச் சேர்ந்ததே. காட்டுக் காடையும் கௌதாரியும் வேறு. வாரச்சந்தையின் பின்பக்கம், வாய் கட்டிய சாக்குப்பை ஒன்று தானாக அசைவதையும், அதை வைத்திருப்பவர் "நாட்டுக் கவுதாரி, ஜோடி" என்று காதருகே விலை சொல்வதையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே விற்பவர் மட்டும் குற்றவாளி அல்லர். காட்டுப் பறவையை வாங்குபவரும், வீட்டில் வைத்திருப்பவரும், அதன் இறைச்சியோடு பிடிபடுபவரும் அதே சட்டத்தின்கீழ் பதில் சொல்ல வேண்டும். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் இதே கணக்குத்தான்.

அடிபட்ட பறவை ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டால், அது அரசின் சொத்து என்பதை நினைவில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 39ஆவது பிரிவு கூறுகிறது. தருமபுரி மாவட்டத்தார் தருமபுரி அல்லது அரூர் வனக்கோட்டத்தின் சரக அலுவலகத்தையும், கிருஷ்ணகிரி மாவட்டத்தார் ஓசூர் வனக்கோட்டத்தின் சரக அலுவலகத்தையும் அணுகலாம். அதுவரை பறவையைக் காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கிடைத்த இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துப் பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுக்கவும்.