4294967297: ஃபெர்மாவின் கணிப்பும் 641 என்ற காரணியும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் விளைந்த ஒரு நெல்மணியில் தொடங்கி, மணிகளின் எண்ணிக்கையை 32 தடவை இரட்டித்துக்கொண்டே போனால் 4294967296 மணிகள் சேரும். மணியொன்றின் நிறையை 25 மில்லிகிராம் என்று கொண்டால் அது ஏறக்குறைய 107 தொன் ஆகும். ஏக்கருக்கு 2 தொன் விளைந்தாலும், 50 ஏக்கருக்கு மேல் செய்கை பண்ணும் போடியாருக்கே (பெரும் வயற்சொந்தக்காரருக்கே) ஒரு போகத்தில் அவ்வளவு கிடைக்கும். அந்தக் குவியலில் இன்னும் ஒரேயொரு மணியைச் சேர்த்தால் வரும் 4294967297 என்ற எண் கணித வரலாற்றில் பெயர்பெற்றது.

2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோடு 1 ஐக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் முதன்மை எண்கள். இந்த வரிசையில் அடுத்தடுத்து வருபவையும் முதன்மை எண்களே என்று 1640 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா கருதினார். ஆனால் அதற்கான நிறுவல் அவரிடம் இருக்கவில்லை. ஆறாவதாக வருவது நமது எண். அது 641 × 6700417 என்று 1732 இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார்.

பத்து இலக்க எண்ணொன்றின் காரணியைக் கணிப்பான் இல்லாத காலத்தில் தேடுவது எளிதன்று. அதன் வர்க்கமூலம் 65536 ஐச் சற்றே தாண்டுவதால், அதற்குட்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க நேரலாம். ஆனால் இந்த எண்ணின் அமைப்பே தேடலைச் சுருக்கிவிடுகிறது. 2 இன் வலுக்களை இதன் முதன்மைக் காரணி எதனாலும் வகுத்தால், மீதி 32 ஆம் வலுவில் −1 க்கு ஒப்பாகி (அதாவது காரணியிலும் ஒன்று குறைந்ததாகி), 64 ஆம் வலுவில்தான் முதன்முறையாக 1 க்குத் திரும்பும். அந்தச் சுற்றின் நீளமான 64, காரணியிலிருந்து 1 ஐக் கழித்து வரும் எண்ணை மீதியின்றி வகுக்கும். (வேடிக்கை என்னவென்றால், இந்தப் படி ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்தே வருகிறது.) எனவே காரணி, 64 ஆல் வகுத்தால் 1 மீதியாக வரும் முதன்மை எண்ணாகவே இருக்கவேண்டும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

வகுக்காமலும் இதைச் சரிபார்க்கலாம். எனக்கு இந்த வழியே அதிகம் பிடிக்கும். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16 உம் ஆகும். முதலாவதன்படி, 5 ஐயும் 2 இன் 7 ஆம் வலுவையும் பெருக்கி 641 ஆல் வகுத்தால் மீதி −1. அந்தப் பெருக்கத்தை நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் மீதி 1. அதிலுள்ள 625 இன் இடத்தில், இரண்டாவதன்படி, −16 ஐ இடலாம். அப்போது 2 இன் 32 ஆம் வலுவின் மீதி −1 என்று வருகிறது. அதோடு 1 ஐக் கூட்டினால் மீதி பூச்சியம்.

நெற்குவியலிலிருந்து ஒரு மணியைக் குறைத்தால் வரும் 4294967295 முற்றிலும் வேறு இயல்புடையது. அது 3 × 5 × 17 × 257 × 65537, அதாவது ஃபெர்மா கண்ட ஐந்து முதன்மை எண்களின் பெருக்கம். நேர்விளிம்பும் கவராயமும் மட்டுமே கொண்டு வரையத்தக்கவை என அறியப்பட்ட ஒழுங்கான பல்கோணிகளில், ஒற்றை எண்ணிக்கையான பக்கங்களைக் கொண்டவற்றுள் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள் உள்ளன என்பது, பக்க எண்ணிக்கை இத்தகைய வெவ்வேறு முதன்மை எண்களின் பெருக்கமாயின் பல்கோணி வரையத்தக்கது என்று கணிதவியலாளர் காஸ் 1801 இல் வெளியிட்ட முடிவிலிருந்து கிடைக்கிறது. 4294967297 உம் முதன்மை எண்ணாக இருந்திருந்தால், அத்தனை பக்கங்கள் கொண்ட பல்கோணியும் வரையத்தக்கதாக இருந்திருக்கும்.