தாழொலி

காற்றாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் தலைவலி, தூக்கமின்மை பற்றிப் பேச்செடுத்தால் ‘இன்ஃப்ராசவுண்ட்’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். நொடிக்கு 20 அதிர்வுக்கும் குறைவான ஒலி அது. மிகப் பலமாக இருந்தாலொழிய நம் காதுக்கு எட்டாது. மூன்று இறக்கைக் காற்றாலை நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றினால், நொடிக்கு ஓர் இறக்கை கோபுரத்தைக் கடக்கும். ஒவ்வொரு தடவையும் காற்றில் ஓர் அழுத்தத் துடிப்பு, அதாவது 1 ஹெர்ட்ஸ்.

‘இன்ஃப்ரா’ என்றால் லத்தீனில் ‘கீழே’. தமிழில் சிலர் அகவொலி என்கிறார்கள், ‘இன்ஃப்ராரெட்’டை அகச்சிவப்பு என்பதைப் பார்த்து. ஆனால் அகம் என்றால் உள்ளே, கீழே அல்ல. பள்ளிப் பாடநூலில் குற்றொலி. குறு + எழுத்து குற்றெழுத்து ஆவதுபோலத்தான் இதுவும், இலக்கணம் சரி. (வேகமாகச் சொன்னால் ‘குற்ற ஒலி’ என்று கேட்கும். காற்றாலைமேல் கோபத்தில் இருப்பவர்களுக்கு வசதி!) பொருள்தான் இடிக்கிறது. குறைவு அதிர்வெண்ணில்தான், அலையோ படுநீளம். 20 ஹெர்ட்ஸிலேயே 17 மீட்டர், ஒரு பேருந்தைவிட அதிகம். 1 ஹெர்ட்ஸில் 340 மீட்டர். அதைப் போய் ‘குறு’ என்பானேன்? தாழொலி என்பதே என் தேர்வு. மெல்லிய குரலையும் தாழ்ந்த குரல் என்கிறோமே என்றால், சரி, அந்தக் குழப்பம் இருக்கிறது. ஆனாலும் ‘கீழே’ என்ற மூலப்பொருள் இதில்தான் நிற்கிறது.

தாழொலி கெடுதல் என்று நம்பினாலே சிலருக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம் என்பதும் உண்மை. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஃபியோனா கிரைட்டன் குழு 54 பேரை வைத்துச் சோதித்து 2014இல் வெளியிட்டது. 10 நிமிடம் உண்மையான தாழொலி. 10 நிமிடம் வெறும் அமைதி, அதையும் தாழொலி என்றே சொன்னார்கள். கெடுதல் பற்றிய காணொளியை முன்கூட்டியே பார்த்தவர்களுக்கு அமைதியிலும் உபாதைகள் கூடின. இதற்குப் பெயர் நோசீபோ, லத்தீனில் ‘தீங்கு செய்வேன்’.

அதற்காகக் குடியிருப்பவர்கள் சொல்வதெல்லாம் பிரமை என்று தள்ளிவிட முடியாது. கனடா சுகாதாரத் துறை 1,238 பேரிடம் நடத்திய ஆய்வில் நோய்களோடும் தூக்கக் குறைவோடும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் காற்றாலைச் சத்தம் கூடக்கூட எரிச்சல் கூடியது. எரிச்சலூட்டுவது காதில் நன்றாக விழும் ‘வுஷ்... வுஷ்’. நொடிக்கொருமுறை ஏறி இறங்குவதால் அதையே தாழொலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சத்தம் சில நூறு ஹெர்ட்ஸ்; ஏற்ற இறக்கம் மட்டுமே 1 ஹெர்ட்ஸ். ரேடியோவில் வால்யூமை நொடிக்கொரு தரம் கூட்டிக் குறைத்தால் பாட்டு தாழொலி ஆகிவிடுமா என்ன?