ஒரு 'டிக்'குக்குள் மூன்று ஒலிகள்

"கைபேசியே மணி காட்டும்போது, சாவி கொடுக்கிற வாட்சுகளை எதற்கு இப்படி வாங்கிச் சேர்க்கிறீர்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மணி பார்ப்பதற்காக அல்ல. ஒரு பல்சக்கரம் நின்று நின்று நகரும் அழகுக்காக.

சாவி கொடுத்தால் சுருள்வில் இறுகும். அது விரியும்போது பல்சக்கரங்கள் சுழலும். இது பள்ளிப் பாடம். ஆனால் தடுக்க ஆளில்லாவிட்டால் வில் சில நொடிகளிலேயே முழுக்க விரிந்துவிடும். அதை ஒரு நாளுக்கும் மேலாகச் சிறுகச் சிறுக விரியவைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

பின்பக்கம் கண்ணாடி வைத்த வாட்ச் ஒன்று என்னிடம் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பல்சக்கர வரிசையின் கடைசிச் சக்கரமான எஸ்கேப் வீலின் பல் ஒன்று, நங்கூரம் போன்ற பேலட் ஃபோர்க்கில் பதித்த செயற்கை மாணிக்கக் கல்லில் முட்டி நிற்கும். அருகே பேலன்ஸ் வீல், மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங்கின் இழுப்பில் ஊஞ்சலாடும். அதன் அடியிலுள்ள சிறு கல், கடக்கும்போது ஃபோர்க்கைத் தட்டும். இது முதல் ஒலி. பூட்டு விலகியதும் பல், மாணிக்கத்தின் சரிந்த முகத்தில் மோதி வழுக்கி, ஃபோர்க் வழியாகப் பேலன்ஸ் வீலுக்கு ஓர் உந்து கொடுக்கும். இது இரண்டாவது. உடனே எதிர்ப்பக்கக் கல்லில் இன்னொரு பல் விழுந்து பூட்டிக்கொள்ளும். இது மூன்றாவது. மூன்றும் சேர்ந்துதான் நம் காதுக்கு ஒரே 'டிக்'. விடுவித்த கைக்கே பலமும் கொடுத்துவிட்டுப் போகிறது சக்கரம்! அடுத்த தட்டு வரை பேலன்ஸ் வீல் எவர் தொடுதலும் இன்றித் தன்பாட்டில் ஆடும். 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் மட்ஜ் கண்ட ஏற்பாடு இது. இன்றைய வாட்சுகள் பலவற்றில் நொடிக்கு 8 முறை, நாளுக்கு 6,91,200 முறை இது நடக்கிறது.

சூடேறினால் சாதாரண எஃகு ஹேர்ஸ்பிரிங் துவண்டு, வாட்ச் மெதுவாகும். இதற்கு மருந்து கண்டவர் சார்லஸ் எடுவர்ட் கியோம், வாட்ச் செய்பவரின் மகன். நீள அளவுகோல்களுக்கு மலிவான உலோகம் தேடியபோது, 1896இல் வெப்பத்தில் அநேகமாக நீளாத இன்வார் கலவையைக் கண்டார். அந்த ஆய்வின் தொடர்ச்சியாக, வெப்பத்தில் துவளாத எலின்வார் என்ற கலவை வந்தது. 1920இல் நோபல் பரிசு. உலோகம் எவ்வளவு நீள்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளப்பவரிடம் "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு நிதியை நிறுத்துவது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

பழைய வாட்ச் கைக்கு வந்தால் முதலில் காதில் வைத்துவிடுவேன். அவற்றில் பல நொடிக்கு 5 முறைதான் துடிக்கும், ஆகவே நடையைக் காதாலேயே பிடிக்கலாம். இடைவெளி சமமில்லாமல் நொண்டினால், பேலன்ஸ் வீலின் ஓய்வு நிலை சரியாக நடுவில் இல்லை என்று பொருள். ஹேர்ஸ்பிரிங் பிடித்திருக்கும் இடத்தைத் துளி நகர்த்தினால் போதும், நடை சீராகிவிடும்.