உருளைக்கிழங்கு சாலட்டுக்குள் கோதுமை எப்படி வந்தது?

புதுச்சேரியில் இருக்கும் என் அக்கா மகளுக்கு சீலியாக் நோய், அதாவது சில தானியங்களில் உள்ள புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்று தானியமும் ஆயுசுக்கும் ஆகாது. போன மாதம் கடற்கரைப் பக்கம் ஓர் உணவகத்துக்குப் போயிருந்தோம். மெனுவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது பரவாயில்ல மாமா, உருளைக்கிழங்குதானே" என்று சாலட் சொன்னாள். வந்த கிண்ணத்தில், சாலட்டின் நடுவில் கொடிக்கம்பம் மாதிரி பாகெத் என்ற நீளமான பிரெஞ்சுக் கோதுமை ரொட்டியின் ஒரு துண்டு செருகியிருந்தது. வேண்டாம் என்று தள்ளி வைத்தாள். "அத எடுத்துப் போட்டுட்டு சாப்பிடும்மா" என்றார் பரிமாறியவர். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அவள் தொடவில்லை. அவள் செய்ததுதான் சரி.

ஏன் என்று புரிய, வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள். அப்புறம் தண்ணீருக்குள்ளேயே வைத்து மெதுவாகக் கசக்குங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும், அது மாவுச்சத்து. நாலைந்து முறை தண்ணீர் மாற்றிய பிறகு கையில் மிஞ்சுவது, மென்று துப்பிய பபிள்கம் போன்ற ஓர் உருண்டை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். 1728இல் இத்தாலியின் போலோன்யா நகரில் பெக்காரி என்ற அறிஞர் இதே முறையில்தான் இதைப் பிரித்துக் காட்டினார். இதற்குள் இருப்பவை இரண்டு புரதங்கள்: மீள்தன்மை தரும் குளூட்டெனின், இழுபடும் தன்மை தரும் கிளையாடின். மாஸ்டர் வீசுகிற வீச்சுக்குப் பரோட்டா கிழியாமல் விரிகிறதே, அது இந்த இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை.

இப்போது ஓர் உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் கட்டி, தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். இங்கும் தண்ணீர் வெளுக்கிறது, பாத்திரத்தின் அடியில் மாவு படிகிறது. ஆனால் துணியில் மிஞ்சுவது வெறும் சக்கை. எவ்வளவு பிசைந்தாலும் ரப்பர் கிடைக்காது. கிழங்கில் நூறு கிராமுக்குச் சுமார் 2 கிராம் புரதம் உண்டு; அதில் முக்கியமானது பட்டாட்டின். அது தண்ணீரில் கரையக்கூடியது, குளூட்டனோடு எந்த உறவும் இல்லாதது. ஆக, கிழங்கின் மேல் குற்றம் இல்லை.

கிளையாடினில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய. நம் செரிமான நொதிகளுக்கு அது இருக்கும் இடத்தில் வெட்டத் தெரியாது. அதனால் கிளையாடின் முழுதாகச் செரிக்காமல் துண்டுதுண்டாக மிஞ்சும். ஒரு துண்டு 33 அமினோ அமில நீளம்கூட இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. சீலியாக் உள்ளவர்களின் குடலில், டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அந்தத் துண்டை லேசாக மாற்றிவிடுகிறது. மாறிய துண்டு, DQ2 அல்லது DQ8 என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தில் பூட்டுக்குள் சாவி போலப் பொருந்திவிடும். உடம்பு அதை எதிரி என்று நினைத்துப் போர் தொடுக்கிறது. அடி விழுவது சிறுகுடலின் உட்சுவருக்கு. சத்தை உறிஞ்ச அங்கே கம்பளி இழைகள் போல நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. என் அக்கா மகளுக்கு வயிற்றுவலிகூட அவ்வளவாக இல்லை. எத்தனை இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தசோகை போகவில்லை, அதில்தான் மாட்டியது. (சந்தேகம் இருப்பவர்கள் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் அடையாளம் மறைந்து, நோய் இல்லை என்று முடிவு வரலாம்.)

எவ்வளவு குளூட்டன் கெடுதல்? 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டிலும் விதி. இந்த நோயாளிகள் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை தாங்கும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஒரு ரொட்டித் துண்டில் ஏறக்குறைய 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம். அதை இருநூறு பங்காக உடைத்தால் ஒரு பங்கிலேயே அன்றைய அளவு முடிந்துவிடும். ரொட்டியை எடுத்துப் போடலாம், சாலட்டில் உதிர்ந்த தூளை எதை வைத்துப் பொறுக்குவது? ரொட்டி அறுத்த பலகையிலேயே கிழங்கு நறுக்கினாலும் இதே கதிதான். சூடுபடுத்தினாலும் குளூட்டன் போகாது.

ரொட்டி கண்ணுக்குத் தெரிகிறது, தெரியாத சங்கதிகள்தான் வம்பு. சாலட்டில் சேர்க்கும் மயோனைஸ் அடிப்படையில் முட்டை, எண்ணெய், கொஞ்சம் புளிப்பு, அதில் தவறில்லை. வெள்ளை வினிகர் சரி, மால்ட் வினிகர் பார்லியிலிருந்து வருவது. சில கடுகு சாஸ்களில் கெட்டிப்படக் கோதுமை மாவு போடுகிறார்கள். சாசேஜ் துண்டு சேர்த்தால் அதிலும் மாவு இருக்கலாம். புதுச்சேரி என்றதும் சிலருக்கு ஞாபகம் வருகிற பீரும் பார்லிதான், அது வேறு கதை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமையல், நம் பொடிமாஸ் என்றால் பயமில்லை என்றுதான் அக்காவும் நினைத்திருந்தாள். கிழங்கு, கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம். அந்தக் கடைசிப் பெயரில்தான் சிக்கல். கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினின் காட்டம் தாங்காது என்று மைதாவோ அரிசி மாவோ, கருவேலம் பிசின் வகையோ கலந்து விற்கிறார்கள். கட்டியாக இருந்தால் கலப்பில்லை என்று நினைப்போம். கட்டியிலும் மைதா இருக்கலாம். கால் கிராம் பெருங்காயத்தில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால், அதில் குளூட்டன் 10 மில்லிகிராமுக்கு அருகில் வரும். நாலு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு இரண்டரை. ஒரு பொடிமாஸோடு நின்றால் பரவாயில்லை. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று நம் இலையில் அது எத்தனை இடத்தில் வருகிறது!

அக்கா இப்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை. பெரிய மார்க்கெட்டில் கிழங்கு வாங்கிவந்து, வேகவைத்து ஆறவிட்டு, எலுமிச்சைச் சாறு, கடலை எண்ணெய், வீட்டில் அரைத்த கடுகு போட்டு சாலட் செய்கிறாள். சாம்பாருக்குப் பெருங்காயத்தை நிறுத்திவிட்டுப் பூண்டு தட்டிப் போடுகிறாள். அவள் வீட்டுக்காரர் முதல் வாரம் முழுக்க முனகினார்.